மூணு பேர் கதவைத் தட்டிய ஊர்

திண்டிவனம்னு சொன்னா நம்ம மக்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பஸ் நிற்கும், கண்டக்டர் கத்துவார், இறங்கி ஒரு டீ. கொஞ்சம் விவரமானவங்கன்னா "புளியங்காடுப்பா அது, திந்திரிணிவனம்தான் திண்டிவனமாச்சு, சிவன் பேரே திந்திரிணீஸ்வரர்"னு சொல்வாங்க. நாற்பது கிலோமீட்டர் இந்தப் பக்கம் விழுப்புரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கும் ரொம்ப நாள் அவ்வளவுதான் தெரியும்.

கொஞ்ச நாள் முன்னாடி அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். (சி.எம்.சி.ன்னு எங்க வீட்டில் யாரும் சொல்றதில்ல. வேலூர் ஆஸ்பத்திரி, அவ்ளோதான்.) உட்கார்ந்திருந்த நேரத்தில் அம்மா திடீர்னு, "எங்க அம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தாங்களாம்டா. தலைப்பிரசவத்துல போயிட்டாங்க. அப்பல்லாம் ஆஸ்பத்திரி ஏது"ன்னாங்க.

"இந்த ஆஸ்பத்திரிக்கு விதை விழுந்ததே நம்ம திண்டிவனத்துலதான்மா"ன்னேன். நம்பலை. உங்களுக்கும் சந்தேகமா இருந்தா மேலே படிங்க.

கதை நியூயார்க்கில் ஆரம்பிக்குது. ஜான் ஸ்கடர்னு ஒரு டாக்டர். நோயாளி வீட்டில் கண்ணில் பட்ட ஒரு சின்னப் புத்தகத்தைப் படித்துவிட்டு, நல்லா போய்க்கிட்டிருந்த தொழிலை விட்டுட்டு 1819-ல் கப்பல் ஏறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல வருஷம். அப்புறம் 1836-ல் சென்னை. கூட வந்தவர் யார் தெரியுமா? மிரன் வின்சுலோ. ஆமாங்க, 1862-ல் வெளிவந்த வின்சுலோ அகராதி இருக்கே, அந்த வின்சுலோதான். தமிழில் எழுதுகிற நாம எல்லாரும் அந்தக் கப்பலுக்குக் கொஞ்சம் கடன்பட்டவங்கதான் :-)

ஸ்கடரின் பிள்ளைகள் ஏழு பேர் மிஷன் வேலைக்கு வந்தார்கள். ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்ற மூணு அண்ணன் தம்பிகள் சேர்ந்து 1853-ல் தொடங்கியதுதான் அமெரிக்கன் ஆற்காடு மிஷன். இவங்க வச்சிருந்த ஒரு கொள்கை எனக்குப் பிடித்தது. மற்ற மிஷன்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் திறந்து ஆள் பிடிச்சுக்கிட்டிருந்தப்ப, அது வேண்டாம், கிராமம் கிராமமாப் போய்த் தமிழிலேயே பேசுவோம்னாங்க. பின்னாளில் அவர்களும் கல்லூரி வரைக்கும் போனது வேற விஷயம்.

திண்டிவனத்து வேதக்கோயில் இந்த மிஷனின் பிள்ளை. 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பரிலிருந்து சி.எஸ்.ஐ. என்று பெயர்ப்பலகைதான் மாறியது. சபையில் யார் இருந்தாங்கன்னு பார்த்தா, ஆற்காடு மிஷன் முழுக்கவே பெரும்பாலும் சேரி ஜனங்கள். 1876 முதல் 78 வரை அடிச்ச தாது வருஷப் பஞ்சத்தில் ஊரே செத்துக்கிட்டிருந்தப்ப, கஞ்சி கிடைச்ச இடத்துக்கு வந்து அப்படியே சபையில் சேர்ந்தவங்க நிறைய. "சோத்துக்கு மதம் மாறினவன்"னு சுலபமா சொல்லிடலாம். பஞ்சத்தில் கிடந்தவனைத் திண்ணையில்கூட ஏத்தாத ஊர் அதைச் சொல்லலாமாங்கறது என் கேள்வி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். 1890 வாக்கில் திண்டிவனம் மிஷன் பங்களாவில் இருந்தவர் பழைய ஸ்கடரின் மகன், அவர் பேரும் ஜான், அவரும் டாக்டர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு அமெரிக்காவிலிருந்து மகள் ஐடா வந்திருந்தார். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், இருபது வயசுப் பொண்ணு. பரம்பரைத் தொழிலே வேண்டாம், கொஞ்ச நாள் இருந்துட்டுத் திரும்பிடணும் என்பதுதான் திட்டம்.

ஒரே ராத்திரியில் மூணு பேர் கதவைத் தட்டினார்கள். முதலில் ஒரு பிராமணர். அப்புறம் ஒரு முஸ்லிம். அப்புறம் இன்னொரு மேல்சாதி இந்து. மூணு பேர் வீட்டிலும் பிரசவம் சிக்கலாகி மனைவி உயிருக்குப் போராடிக்கிட்டிருக்கா. ஐடா வரணும். "எனக்கு ஒண்ணும் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிட்டுப் போங்க"ன்னு ஐடா கெஞ்சியும், அந்நிய ஆம்பளை பார்க்கக் கூடாதுன்னு மூணு பேரும் திரும்பிப் போயிட்டாங்க. விடியும்போது சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தால், மூணு பெண்களும் இறந்துட்டாங்க.

சொல்பவரைப் பொறுத்து சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். கதை இதுதான். பெரும்பாலும் "கடவுள் கூப்பிட்ட ராத்திரி"ன்னு சொல்லப்படும், இல்லன்னா "பாருங்க நம்மாளுங்க மூடத்தனத்தை"ன்னு முடியும். எனக்கு ரெண்டுமே பத்தலை.

ஏன்னா, அதுக்குத் தீர்வு என்னன்னு அப்பவே எல்லாருக்கும் தெரியும். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே மேரி ஷார்லீப் உட்பட நாலு பெண்கள் சேர்ந்தாச்சு. வெளி ஆம்பளை முன்னாடி வராத பெண்களுக்காகவே 1885-ல் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி திறந்தாச்சு. திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரின்னு இன்னமும் சொல்றோமே, இப்ப கஸ்தூரிபா காந்தி பேரில் இருக்கே, அதுதான். அங்கேயிருந்து திண்டிவனம் 120 கிலோமீட்டர் சொச்சம். ரயிலும் வந்தாச்சு. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கே 1879-ல் பாதை போட்டுட்டாங்க. ரயில் வந்த ஊருக்கு ஒரு பெண் டாக்டர் வரலை. அந்தப் புருஷர்களைத் திட்டலாம், திட்டணும். ஆனா ராத்திரியில், சேரி ஜனங்க புழங்குற மிஷன் காம்பவுண்டுக்குள்ள வந்து கெஞ்சினவங்க மனைவி மேல அக்கறை இல்லாதவங்க இல்லையே. வழக்கத்தைத் தாண்டப் பாதி தூரம் வந்தாங்க. மீதிப் பாதிக்கு ஆள் இல்ல.

ஐடா அந்த ஆளாக முடிவு பண்ணினார். அமெரிக்கா போய் மருத்துவம் படிச்சு, 1899-ல் கார்னெல்லில் பட்டம். 1900-ல் வேலூர் வந்த சில மாசத்தில் அப்பா இறந்துட்டார். வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் வைத்தியம். ஷெல் என்ற வங்கிக்காரர் மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலரில் 1902-ல் நாற்பது படுக்கையோடு ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர் எத்தனை கதவைத் திறக்க முடியும்? அதனால 1918-ல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி. ஆண்களைச் சேர்த்தது 1947-ல்தான். ஐடா 1960-ல் கொடைக்கானலில் காலமானார்.

திண்டிவனத்தில் அந்தக் குடும்பப் பேர் வால்டர் ஸ்கடர் பள்ளிக்கூடத்தில் இருக்கு. வால்டர், ஐடாவின் அண்ணன். மிஷன்காரங்க பேர் எல்லாம் பத்திரமா இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுத்தவர் மனைவி பேர்கூட மேரி டேபர் ஷெல் என்று சரியாத் தெரியுது. அந்த மூணு பெண்கள் பேர் மட்டும் நான் படிச்ச எந்த இடத்திலும் இல்ல. சாதி, மதம் இருக்கு. பேர் இல்ல.

வேலூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் இதைத்தான் அம்மாகிட்ட சொல்லிக்கிட்டு வந்தேன். அப்புறம் கேட்டேன், "அந்தப் பெரியாயா பேரு என்னம்மா?"

அம்மா யோசிச்சாங்க. செஞ்சியில் இருக்கிற பெரியம்மாவுக்குப் போன் போட்டாங்க. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"பச்சையம்மாளோ பூங்காவனமோ... ரெண்டுல ஒண்ணுடி. ஆயா இருந்தப்பவே கேட்டு வச்சிருக்கணும்."