ஆட்கின்ஸ் தீர்ப்பின் இரண்டாவது காரணம்: அறிவுத்திறன் குறைபாடும் மெய்ப்பிக்கும் சுமையும்

அறிவுத்திறன் குறைபாடு உடையவருக்கு மரண தண்டனை நிறைவேற்றுவது, கொடிய தண்டனையைத் தடைசெய்யும் அரசமைப்பின் எட்டாவது திருத்தத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் ஆட்கின்ஸ் எதிர் வர்ஜீனியா வழக்கில் முடிவு செய்தது. 1989இல் பென்ரி வழக்கில் இதே நீதிமன்றம் மறுத்த பாதுகாப்பு இது. நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு இரண்டு காரணங்களைச் சொல்கிறது. இத்தகையோரின் குற்றப்பொறுப்பு குறைவு, ஆகவே பழிவாங்கல், அச்சுறுத்தல் என்ற தண்டனை நோக்கங்கள் அவர்களிடம் பொருந்தா என்பது முதலாவது. செய்யாததை அவர்கள் ஒப்புக்கொண்டுவிடலாம், தம் வழக்கறிஞருக்கு உதவ முடியாமல் போகலாம், கூண்டில் நிற்கும்போது வருந்தாதவர் போலத் தோன்றலாம், அதனால் தகாத மரண தண்டனை விழும் ஆபத்து அதிகம் என்பது இரண்டாவது. பின்வந்த வழக்குகள் பெரும்பாலும் முதல் காரணத்தையே சுற்றி வந்தன. இரண்டாவதை உண்மையாக ஏற்றால், குறைபாட்டை மெய்ப்பிக்கும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில் கட்டுவது நிலைக்காது என்பதே என் வாதம்.

அந்த ஆபத்து ஏட்டளவில் உள்ளதன்று. வர்ஜீனியாவின் ஏர்ல் வாஷிங்டனுக்கு நுண்ணறிவு ஈவு சுமார் 69. 1983இல் வேறொரு வழக்கில் பிடிபட்டவர், ஒரு பெண்ணின் கொலை பற்றிக் காவலர்கள் கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டார். கொலையுண்ட பெண் கறுப்பினத்தவர் என்றார், அவர் வெள்ளையர். கேள்வி மறுபடி வந்ததும் விடையை மாற்றிக்கொண்டார். ஓரிரு முறை குத்தியதாகச் சொன்னார். உடலில் இருந்தவை 38 காயங்கள். இந்த வாக்குமூலத்தை நம்பித்தான் 1984இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1985இல் தண்டனை நாளுக்கு ஒன்பது நாள் இருக்கையில் அது நிறுத்தப்பட்டது. மரபணுச் சோதனைக்குப் பின் 2000இல் முழு மன்னிப்புப் பெற்றார். ஆட்கின்ஸ் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று சுட்டுவது இத்தகைய விடுவிப்பைத்தான்.

புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்வது இக்குறைபாட்டோடு வாழ்பவர்கள் பலர் சிறுவயதிலேயே பழகிக்கொள்ளும் தற்காப்பு. நீதிமன்றங்களோ அதையே திறமைக்குச் சான்றாகப் படித்தன. டெக்சாஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் வகுத்த அளவுகோல்களில், தன் நலனுக்காகப் பொய் சொல்லத் தெரியுமா, உண்மையை மறைக்கத் தெரியுமா என்பதும் ஒன்று. அங்கு மரண தண்டனை பெற்ற பாபி ஜேம்ஸ் மூருக்குப் பதின்மூன்று வயதில் கிழமைகளும் மாதங்களும் பருவங்களும் விளங்கவில்லை. மணி பார்க்கத் தெரியவில்லை. அவர் புல் வெட்டியதும் பணம் வைத்து பில்லியர்ட்ஸ் ஆடியதும் அந்த நீதிமன்றத்துக்குப் பெரிதாகப் பட்டன. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோல்களை நிராகரித்தது. நுண்ணறிவு ஈவு 70ஐத் தாண்டினாலே கதவை அடைத்த புளோரிடாவின் விதி, சோதனைக்கே பிழை வரம்பு உண்டு என்ற காரணத்தால் 2014இலேயே ஹால் வழக்கில் விழுந்திருந்தது.

வரையறை இப்படிச் சீரானாலும் சுமை பற்றிய கேள்வி தொடப்படவில்லை. 1988இல் இத்தடையை முதலில் சட்டமாக்கிய ஜார்ஜியாவே, குறைபாட்டை ஐயத்துக்கு அப்பால் மெய்ப்பிக்கக் கேட்டது. அங்கு மரண தண்டனை பெற்ற வாரன் ஹில்லுக்குக் குறைபாடு இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று மாநில நீதிபதி கண்டார். ஐயத்துக்கு அப்பால் இல்லை என்பதால் அது பயன்படவில்லை. முன்பு அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன மூன்று வல்லுநர்களும் 2013இல் கருத்தை மாற்றிக்கொண்டனர். ஆயினும் 2015 ஜனவரி 27 அன்று தண்டனை நிறைவேறியது. இதை நியாயம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஜார்ஜியா அந்த விதியை மாற்ற 2025 வரை ஆனது.

இந்தச் சுமையை வகுப்பது மாநிலங்களின் விருப்பம் என்பார்கள். ஆனால் விசாரணையை எதிர்கொள்ளும் மனத்தகுதி தமக்கு இல்லை என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே தெளிவான, உறுதியான சான்றால் நிறுவ வேண்டும் என்ற ஓக்லஹோமா விதியை, 1996இல் கூப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நீக்கியது. தவறு நேர்ந்தால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதை அங்கு அது எடைபோட்டது. உயிரே பணயமாக உள்ள இடத்தில் அந்த எடை இன்னும் கனக்கிறது. குறைபாடு இருப்பதாக நடிப்பார்கள் என்ற அச்சமும் வலுவற்றது: குறைபாடு வளர்பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது மருத்துவ வரையறை. குற்றத்துக்குப் பல ஆண்டு முந்தைய பள்ளிப் பதிவேட்டை யாரும் நடித்து உருவாக்க முடியாது.

சிங்கப்பூரின் அரசமைப்பில் கொடிய தண்டனைக்கு வெளிப்படையான தடை இல்லை. ஆனால் சுமை பற்றிய சிக்கல் அங்கும் இதேதான். 42.72 கிராம் ஹெராயினுடன் 2009இல் பிடிபட்ட மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கத்தின் நுண்ணறிவு ஈவு 69 எனப் பதிவானது. மனநிலைப் பிறழ்வால் பொறுப்புக் குறைந்தது என்று நிறுவும் சுமை அவர் மேலேயே இருந்தது. அவர் மாற்றி மாற்றிச் சொன்னவை அவருக்கு எதிராகவே நின்றன. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார்.

பள்ளிப் பதிவேடோ மருத்துவ அறிக்கையோ நியாயமான ஐயத்தை எழுப்பிவிட்டால், குறைபாடு இல்லை என்பதை அரசு தரப்பே ஐயத்துக்கு அப்பால் நிறுவ வேண்டும். காவல் விசாரணையில் தந்த விடைகளையும் குற்றத்தின் திட்டமிடலையும் அதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.