பிரிந்தவர்களும் தங்கியவர்களும்

பாகப்பிரிவினை நடக்கும் குடும்பத்தில் சண்டை எதைப் பற்றியது என்று கேட்டால், கிணற்றைப் பற்றியது என்பார்கள். வரப்பைப் பற்றியது என்பார்கள். ஊன்றிக் கேட்டால், ‘இந்த வீட்டில் யார் சொல் எடுபட வேண்டும்?’ என்ற கேள்வியே அடியில் கிடக்கும். ஆங்கிலிக்கன் திருச்சபையில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக நடந்துவரும் வழக்கும் இத்தகையதே. ஆயர் பீடங்கள், திருமுழுக்கு, கருத்தடை, பெண்களின் குருத்துவம், ஒருபாலினத்தவரின் இணைவு எனப் பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கேள்வி மட்டும் மாறவில்லை.

அந்தக் கேள்வியை மிக ஆழமாக உணர்ந்தவர்கள், அச்சபையில் மரபைப் பேணி நிற்பவர்கள். அவர்கள் ஒரே கூட்டத்தார் அல்லர் என்பதை முதலில் மனத்தில் கொள்வோம். திருத்தூதர் வழிவந்த ஆயர் பணியையும் அருளடையாளங்களையும் உயிரெனப் போற்றும் ஆங்கிலோ-கத்தோலிக்கர் ஒரு சாரார். விவிலியத்தையும் பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தையும் அடித்தளமாகக் கொண்ட நற்செய்திப் பற்றாளர் மற்றொரு சாரார். மாற்றங்களை எதிர்க்கும்போது இரு சாராரும் தோளோடு தோள் நிற்பர். எதிர்ப்பதற்கான காரணம் கேட்டால், ஆளுக்கொரு திசையைக் காட்டுவர்.

ஆக்ஸ்போர்டில் ஒரு மறையுரை

1534இல் இங்கிலாந்துத் திருச்சபை உரோமையை விட்டுப் பிரிந்தபோது, திருத்தந்தையின் இடத்தில் மன்னர் அமர்ந்தார். நாளடைவில் அந்த அதிகாரம் பாராளுமன்றத்தின் கைக்குச் சென்றது. பாராளுமன்ற உறுப்பினர் அனைவரும் ஆங்கிலிக்கர் என்று கருதப்பட்ட காலம்வரை இது பெரிய இடராகத் தோன்றவில்லை. 1829இல் கத்தோலிக்கருக்கும் பாராளுமன்றத்தின் கதவு திறந்தது. நமக்கு அது விடுதலை. ஆனால், ‘ஆங்கிலிக்கர் அல்லாதோரும் அமர்ந்திருக்கும் மன்றம் எங்கள் சபையின் காரியங்களைத் தீர்மானிக்கலாமா?’ என்று மரபுப் பற்றாளர் திடுக்கிட்டனர்.

நான்காண்டுகளில் அந்த அச்சம் உறுதியாயிற்று. அயர்லாந்திலிருந்த ஆங்கிலிக்கன் ஆயர் பீடங்களில் பத்தினை ஒழிக்கும் மசோதா வந்தது. கத்தோலிக்க உழவர்களின் வரியில் வாழ்ந்த அப்பீடங்களில் பல தேவைக்கு மிஞ்சியவை என்பது உண்மையே. ஆயினும் 1833 ஜூலை 14 அன்று ஆக்ஸ்போர்டு தூய மரியா ஆலயத்தில் மறையுரை ஆற்றிய ஜான் கீபிள், அதனை நாட்டின் மறைத்துரோகம் என்றே குறித்தார். ஆயர் பணி கிறிஸ்துவிடமிருந்து வந்ததென்றால் அரசு அதனைக் கூட்டவும் குறைக்கவும் முடியுமா என்பதே அவரது வினா. ஆக்ஸ்போர்டு இயக்கத்தின் தொடக்க நாளாக அதனையே ஜான் ஹென்றி நியூமன் பின்னர் நினைவுகூர்ந்தார்.

அதே வினா நியூமனைப் பன்னிரண்டு ஆண்டுகள் துரத்தியது. 1845 அக்டோபர் 9 அன்று, லிட்டில்மோர் சிற்றூரில், டொமினிக் பார்பெரி என்ற பாடுகளின் சபைத் துறவியால் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். கீபிளும் எட்வர்டு பூசியும் போகவில்லை. தங்கள் சபை கத்தோலிக்கத் திருச்சபையின் ஒரு கிளையே என்றும், அதன் அருளடையாளங்களிலிருந்து இறையருள் நீங்கிவிடவில்லை என்றும் நம்பி அவர்கள் தங்கினர்.

தங்கியவர்களுக்கும் சோதனை ஓயவில்லை. திருமுழுக்கினால் மறுபிறப்பு உண்டாகிறது என்ற போதனையை உரியவாறு ஏற்கவில்லை எனக் கூறி, ஜார்ஜ் கோரம் என்ற குருவைப் பங்கில் அமர்த்த எக்ஸ்டர் ஆயர் மறுத்தார். 1850இல் அரசின் மேல்முறையீட்டுக் குழு ஆயரின் முடிவைத் தள்ளிவிட்டது. திருமுழுக்கைப் பற்றி நீதிமன்றம் தீர்ப்புக் கூறுவதைக் கண்ட ஹென்றி மானிங் அடுத்த ஆண்டே நம்மிடம் வந்தார். அவரே பின்னாளில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராகவும் கர்தினாலாகவும் விளங்கியவர்.

தரங்கம்பாடியும் இலண்டனும்

ஆங்கிலிக்கன் சபை ஆங்கிலேயரின் கப்பல்களோடு உலகெங்கும் பரவியபோது வழக்கும் உடன் பரவியது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் ஆயர் கோலென்சோ, மோசேயின் நூல்களைப் பற்றிப் புதிய கருத்துகளை வெளியிட்டார். பல மனைவியருடன் வாழ்ந்த சூலு மக்கள் திருமுழுக்குப் பெற விழைந்தால், மனைவியரைத் தள்ளிவிடுமாறு வற்புறுத்தலாகாது என்றும் வாதிட்டார். கேப்டவுன் ஆயர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். இலண்டன் நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது. இந்தக் குழப்பமே 1867இல் முதல் லாம்பெத் மாநாடு கூடுவதற்கு ஒரு முக்கிய காரணம். எழுபத்தாறு ஆயர்கள் கூடினர். ஆனால் அம்மாநாட்டுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது என்று தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்டது. அறிவுரை கூறலாம், கட்டளையிட இயலாது. பிற்காலப் பிளவுகளுக்கெல்லாம் வித்து இங்கே ஊன்றப்பட்டது எனலாம்.

நம் மண்ணையும் இவ்வழக்கு தொட்டது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய அருட்பணியாளர் சிலர், சபைப் பிரிவுகள் மேனாட்டில் பிறந்தவை, நாம் உண்டாக்காத அப்பிளவுகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டனர். முன்னின்றவர்களுள் ஒருவர் நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் இந்தியரான முதல் ஆங்கிலிக்கன் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட வி. எஸ். அசரியா. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீண்ட உரையாடலின் கனியாக 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. அந்நாளைக் காண அசரியா இல்லை. 1945 புத்தாண்டு நாளன்று அவர் மறைந்திருந்தார்.

இங்கிலாந்தில் ஆங்கிலோ-கத்தோலிக்கர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். இனிமேல் குருக்களை ஆயர்களே திருநிலைப்படுத்துவர் என்று ஒன்றிப்புத் திட்டம் கூறியது. ஆனால், ஆயர் கைவைப்புப் பெறாமல் ஏற்கெனவே பணியாற்றிவந்த மற்றச் சபைகளின் ஊழியர்கள் மறுபடி திருநிலைப்படுத்தப்படாமலே ஏற்கப்படுவர் என்றும் கூறியது. கவிஞர் டி. எஸ். எலியட் 1943இல் பொதுநிலையினருக்கென ஒரு சிறு நூலே எழுதினார். ‘அழிவின் வழியே மறு ஒன்றிப்பு’ என்னும் பொருள்படும் அதன் தலைப்பே அவர் எண்ணத்தைச் சொல்லிவிடும்.

இருபுறமும் நின்று பார்ப்போம். சாதியாலும் வறுமையாலும் பிளவுண்ட ஊர்களில், ஒரே கிறிஸ்துவை அறிவித்துக்கொண்டு இரண்டு பந்தியில் அமரும் அவலத்தை அசரியா நாள்தோறும் கண்டவர். ஒன்றிப்பு அவருக்கு நற்செய்தியின் நம்பகத்தன்மை பற்றிய காரியம். எலியட்டுக்கோ, கொள்கையைத் தெளிவுபடுத்தாமல் அடையும் ஒற்றுமை ஒற்றுமையே அன்று. ஆந்திராவின் நந்தியால் பகுதியில் ஆங்கிலிக்கருள் ஒரு பகுதியினர் ஒன்றிப்பில் சேராமலே நெடுங்காலம் தனித்து நின்றனர் என்பதையும் மறத்தலாகாது. ‘ஒற்றுமையா, உண்மையா?’ என்ற கேள்வி தென்னிந்தியாவில் எழுந்தபோது, இருவருமே மனச்சான்றோடு பேசினர்.

இரண்டு வாக்குகள்

1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல், காண்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சிக்குத் தம் மோதிரத்தை அணிவித்தார். ஆங்கிலோ-கத்தோலிக்கர் உள்ளத்தில் அன்று பெரும் நம்பிக்கை மலர்ந்தது. அந்நம்பிக்கை உடைந்த நாள் 1992 நவம்பர் 11. பெண்களுக்குக் குருத்துவம் வழங்க இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை அன்று வாக்களித்தது. ஆயர், குருக்கள், பொதுநிலையினர் என்ற மூன்று அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவை. பொதுநிலையினர் அவையில் 169 பேர் ஆதரித்தனர். 82 பேர் எதிர்த்தனர். ஆதரித்தோருள் இருவர் மாறி வாக்களித்திருந்தால் முன்மொழிவு தோற்றிருக்கும்.

ஆங்கிலோ-கத்தோலிக்கரை வருத்தியது முடிவு மட்டுமன்று, அதை எட்டிய வழியும்தான். உரோமையும் கீழைத் திருச்சபைகளும் பொதுச் சொத்தாகக் காக்கும் குருத்துவத்தை ஒரு நாட்டின் பேரவை தனியே மாற்ற முடியுமா என்று அவர்கள் கேட்டனர். நற்செய்திப் பற்றாளரோ பவுலடியாரின் போதனையைக் காட்டி மறுத்தனர். மாற்றத்தை வேண்டியவர்களும் விவிலியத்தையே கையில் ஏந்தினர். உயிர்த்த ஆண்டவரை முதலில் அறிவித்தவர் மகதலா மரியா அன்றோ என்றனர்.

எதிர்த்தோரும் சபையிலேயே வாழ வழி தேடி, 1993இல் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. தம் மறைமாவட்ட ஆயரின் மேய்ப்புப் பணியை ஏற்கத் தயங்கும் பங்குகளுக்கென மறைமாவட்ட எல்லை கடந்து சென்று பணிபுரியும் ஆயர்கள் நியமிக்கப்பட்டனர். மக்கள் அவர்களைப் ‘பறக்கும் ஆயர்கள்’ என்றழைத்தனர். ஒரே சபையில் ஒரு குருவின் குருத்துவத்தை மற்றொருவர் ஏற்காமலிருக்கலாம் என்ற நிலை சட்டமாயிற்று. நானூறுக்கும் மேற்பட்ட குருக்கள் விலகினர். அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கத் திருச்சபைக்கு வந்தனர். இலண்டன் ஆயராக இருந்து ஓய்வுபெற்ற கிரஹாம் லெனார்டு 1994இல் கத்தோலிக்கக் குருவானார். வீட்டையும் பங்கையும் விட்டு, மனைவி மக்களோடு முதிய வயதில் புது வாழ்வு தொடங்கினோர் பலர்.

எருசலேமும் கம்பாலாவும்

அடுத்த புயல் அமெரிக்காவிலிருந்து எழுந்தது. திருமணத்துக்கு வெளியே உள்ள உறவும் ஒருபாலின உறவும் விவிலியத்துக்கு ஒவ்வாதவை என 1998 லாம்பெத் மாநாடு, 526க்கு 70 என்ற வாக்குகளில் அறிவித்தது. அத்தகைய நாட்டமுடையோரைச் செவிமடுக்க வேண்டும் என்றும் அத்தீர்மானமே கூறியது. ஆனால் அது வெறும் அறிவுரை. 2003 நவம்பரில், ஓர் ஆணோடு இணைந்து வாழ்ந்த ஜீன் ராபின்சன் நியூ ஹாம்ப்ஷயர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தடுக்கக்கூடிய கை எங்கும் இல்லை.

இம்முறை எதிர்ப்பின் தலைமை ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. உகாண்டா மக்களுக்கு இது வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அன்று. 1885 முதல் 1887 வரை மன்னர் முவாங்காவின் ஆணையால் கொல்லப்பட்டோருள் அரண்மனை ஏவலர் பலர், மன்னரின் இச்சைக்கு இணங்க மறுத்த இளைஞர். கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் சேர்ந்தே உயிர் நீத்தனர். அவர்களுள் கத்தோலிக்கரான இருபத்திருவரை 1964இல் புனிதராக உயர்த்தியபோது, ஆறாம் பவுல் ஆங்கிலிக்க மறைசாட்சிகளையும் நினைவுகூர்ந்தார். எங்கள் திருச்சபையின் வேரில் பாய்ந்த குருதியை மேனாட்டார் எளிதில் மறக்கச் சொல்கின்றனர் என்பது அங்குள்ளோர் மனக்குறை. அதே வேளையில், 2023இல் ஒருபாலின உறவுக்கு மரண தண்டனைவரை விதித்த உகாண்டா சட்டத்தை அந்நாட்டு ஆங்கிலிக்கன் பேராயர் வரவேற்றது பலரைப் புண்படுத்தியது. காண்டர்பரி பேராயர் வெல்பி வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். போதனையைக் காப்பது வேறு, மனிதரைத் தண்டிப்பது வேறு என்ற எல்லை அங்கே மங்கியது.

2008இல் மரபுப் பற்றாளர் எருசலேமில் கூடித் தனி அமைப்புக் கண்டனர். 2009இல் வட அமெரிக்காவில் தனித் திருச்சபை எழுந்தது. அங்கு விலகிய பங்குகளில் பல, ஆலயங்களையும் இழந்தன. 2006இல் விலக வாக்களித்த வர்ஜீனியாவின் ஃபால்ஸ் சர்ச் பங்கினர், நீண்ட வழக்குக்குப் பின் 2012இல் தங்கள் பழம்பெரும் ஆலயத்தை விட்டு வெளியேறினர். கவனிக்கத்தக்கது யாதெனில், அப்புதிய திருச்சபைக்குள்ளும் பெண்களின் குருத்துவத்தைச் சில மறைமாவட்டங்கள் ஏற்றன, சில மறுத்தன. வீட்டை விட்டு வெளியேறியவர்கள் கேள்வியையும் மூட்டை கட்டி எடுத்துச் சென்றனர்!

2023 பிப்ரவரியில் ஒருபாலின இணையருக்கான ஆசி மன்றாட்டுகளை இங்கிலாந்துப் பொதுப் பேரவை வரவேற்றது. தென்னுலகப் பேராயர் பலர் காண்டர்பரியின் தலைமையை இனி ஏற்க இயலாது என்றனர். 2025 அக்டோபரில் சாரா முலாலி காண்டர்பரியின் முதல் பெண் பேராயராக அறிவிக்கப்பட்டார். அதே மாதத்தில் எருசலேம் அமைப்பினர், காண்டர்பரியை மையமாகக் கொள்ளாத உலக ஆங்கிலிக்க ஒன்றிப்பு தாங்களே என்று அறிவித்தனர்.

நமக்கு என்ன?

இவற்றைக் கரையில் நின்று வேடிக்கை பார்க்க நமக்கு உரிமை இல்லை. 1988இல் பேராயர் லெபேவ்ர் உரோமையின் அனுமதியின்றி ஆயர்களைத் திருநிலைப்படுத்தியபோது, மரபின் பெயரால் நம் வீட்டிலும் சுவர் எழுந்தது. 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் வெளியிட்ட ஆசி பற்றிய அறிக்கை, திருமணம் பற்றிய போதனையை மாற்றவில்லை. வழிபாட்டுச் சடங்கையும் அனுமதிக்கவில்லை. இருந்தும் ஆப்பிரிக்க ஆயர்கள் அத்தகைய ஆசி தங்கள் நாடுகளுக்கு ஏற்றதன்று என்று கூறினர். ஆங்கிலிக்கரை உலுக்கிய அதே காற்று நம் கதவையும் தட்டிற்று. கதவு பெயராமல் நின்றதென்றால், பேசி முடிக்க ஓரிடம் நமக்கு உண்டு என்பதே காரணம். அது நம் திறமையால் வந்ததன்று, பெற்றுக்கொண்ட கொடை.

அக்கொடையில் பங்குபெற விழைந்தோர்க்குத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009இல் வழி திறந்தார். தங்கள் வழிபாட்டு மரபின் செல்வத்தை இழக்காமலே ஆங்கிலிக்கர் குழுவாக வந்து சேரலாம் என்றார். 2011 ஜனவரியில் வால்சிங்காம் அன்னையின் பெயரால் இங்கிலாந்தில் அமைந்த தனி ஆட்சியமைப்பின் முதல் தலைவர் கீத் நியூட்டன், முன்னாள் ‘பறக்கும் ஆயர்’களுள் ஒருவர். அதன் பாதுகாவலர் நியூமன். 2019இல் புனிதராகவும், 2025இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் உயர்த்தப்பட்ட அதே நியூமன்.

ஆனால் தங்கியவர்களை என்ன சொல்வோம்? 1865 செப்டம்பரில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், நியூமன் கீபிளின் ஹர்ஸ்லி பங்கு இல்லத்துக்குச் சென்றார். தற்செயலாகப் பூசியும் அங்கு வந்திருந்தார். முகங்கள் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருந்தன. மூன்று முதியவர்களும் ஒரே மேசையில் உணவருந்தினர். எவரும் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. ஒருவரையொருவர் இழிவாகக் கருதவுமில்லை. அடுத்த ஆண்டில் கீபிள் காலமானார்.

பிரிவினையின் துயரம் அந்த மேசையில் தெரிகிறது. பிரிவினையை வெல்லக்கூடிய ஒன்றும் அங்கேதான் தெரிகிறது. உண்மைக்காக வழிபிரிய நேர்ந்தோர் அன்பைக் கைவிடவில்லை. “எல்லாரும் ஒன்றாய் இருப்பார்களாக” என்று மன்றாடிய ஆண்டவரின் வேண்டுதல் இன்னும் நிறைவேறவில்லை. நம் அடுத்த தெருவில் வேறு ஆலயத்துக்குச் செல்லும் சகோதரரைப் பற்றிப் பேசும்போது, வெற்றி பெற்றவரின் குரலில் பேசாதிருப்போம். காயம்பட்ட ஒரே குடும்பத்தின் குரலில் பேசுவோம்.