குடிக்கூலியும் ரயில் நிலையமும்

பம்பாயில் வாழும் ஒருவரை “எங்கே குடியிருக்கிறீர்கள்?” என்று வினவினால் அவர் தெருவின் பெயரைச் சொல்லார், ஸ்டேஷனின் பெயரையே சொல்லுவார். தாதரா, ஸயானா, முலுண்டா என்பது முதல் வினா. இருப்புப் பாதைக்குக் கிழக்கா மேற்கா என்பது அடுத்த வினா. மாதச் சம்பளத்தை நம்பி அந்நகருக்குச் சென்ற நம்மவர்க்கு வேண்டியிருந்தவை இரண்டே. நடந்து சென்று வண்டி ஏறத்தக்க தொலைவில் வீடு அமைய வேண்டும். குடிக்கூலி சம்பளத்தை விஞ்சி ஏறாதிருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒருசேர வாய்த்த காலம் ஒன்று இருந்தது. அது எவ்வாறு வந்தது, எவ்வாறு மறைந்தது என்பதே இங்கு நாம் காணப்போவது.

1853 ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு இந்தியாவின் முதல் பயணி ரயில் சென்றது. அன்று அதில் ஏறியவர் எவரும் வீட்டு வாடகையை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். கோட்டைப் பகுதியில் அலுவலகங்கள், பரேலைச் சுற்றி ஆலைகள், அவற்றிற்கு அருகிலேயே ‘சால்’ எனப்படும் வரிசை வீடுகள் என்றே நகரம் நெடுநாள் இருந்தது. ஓர் அறை, பொதுத் தாழ்வாரம், பலருக்கும் பொதுவான குழாயும் கழிவறையும். சால் என்பது அவ்வளவே. 1896-இல் பிளேக் நோய் வந்து அந்நெருக்கத்தின் கொடுமையை உலகறியச் செய்தது. அதன் விளைவாக 1898-இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் தோன்றிற்று. நெரிசலான சந்துகளை இடித்தது ஒருபுறமிருக்க, வடக்கே தாதர், மாதுங்காப் பகுதிகளில் மனைகள் வகுத்து அகன்ற வீதிகளை அமைத்தமையே அதன் நிலையான பணி என்போம்.

மாதுங்காவின் சிறப்பு அதன் இருப்பிடத்தில் இருந்தது. கிழக்கே ஜி.ஐ.பி. ரயில்வேயின் மாதுங்கா நிலையம், மேற்கே பி.பி. அண்டு சி.ஐ. ரயில்வேயின் மாதுங்கா ரோடு நிலையம். 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்குமிடையே துறைமுகக் கிளைப்பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் மற்றப் புறநகர்ப் பாதைகளும் மின்மயமாயின. கோட்டையில் குமாஸ்தாவாக இருப்பவர் வீட்டில் உணவருந்திவிட்டு, ஸீஸன் டிக்கட்டுடன் வண்டி ஏறி, நேரத்தில் அலுவலகம் சேரலாயிற்று. சமையலறையும் குளியலறையும் கழிவறையும் தனக்கென உள்ள ‘பிளாட்’ வீடுகள் அங்கே மூன்று மாடி, நான்கு மாடிகளாக எழுந்தன. ஆசாரம் பார்த்த குடும்பங்களுக்குத் தனிக் குழாயும் தனிச் சமையலறையும் எத்துணைப் பெரிய ஈர்ப்பாயிருந்திருக்கும்! 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் நிறுவப்பட்டதும் இப்பகுதிக்கு நம்மவர் வந்து குவிந்த அக்காலத்திலேதான்.

தமிழர் எல்லோரும் அவ்வாறு பிளாட்டில் வாழ்ந்தனர் என்று எண்ணிவிடலாகாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்குச் சென்றோர் அதற்கு முன்னரே தாராவியில் குடியேறியிருந்தனர். மாஹிம், ஸயான், மாதுங்கா ஆகிய நிலையங்கள் தாராவியைச் சூழ உள்ளன; ஆனால் அவ்வருகாமையைத் தந்தது டிரஸ்டும் அன்று, சட்டமும் அன்று. சதுப்பு நிலத்தைத் தாமே மேடாக்கிக் குடியேறியவர் அவர்கள்.

இனி வாடகைக்கு வருவோம். முதல் உலகப் போர்க்காலத்தில் பிழைப்புத் தேடி வந்தோர் பெருகினர், வாடகை ஏறிற்று. 1918-இல் பம்பாய் அரசு சட்டமியற்றி வாடகையை 1916 ஜனவரி நிலையில் கட்டிப்போட்டது. அச்சட்டம் சில ஆண்டுகளில் காலாவதியாயிற்று. இரண்டாம் போர் மூண்டதும் மீண்டும் கட்டுப்பாடு வந்தது. இறுதியில் 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் பிறந்தது. 1940 செப்டம்பர் முதல் தேதியன்று என்ன வாடகையோ அதுவே நியாய வாடகை. அதன் பின்னர் விடப்பட்ட வீடாயின் முதன்முதல் விடப்பட்ட பொழுதிருந்த தொகை. வரி உயர்வு, புதிய வசதி போன்ற சில காரணங்களுக்கன்றி அதனை உயர்த்த இயலாது.

குடியிருந்தோர்க்கு அது பெருங்காப்பு. தாதரிலும் மாதுங்காவிலும் வீடு பெற்றிருந்த குடும்பம் அச்சமின்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தது. அந்நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அதே சட்டம், அடுத்த ஆண்டு ஊரிலிருந்து வந்த தம்பிக்குக் கதவை அடைத்தது. எவரும் வீட்டைக் காலி செய்யவில்லை. வாடகைக்கென்று புதிதாகக் கட்டுவோரும் அருகினர். சட்டம் தடுத்தும், வீட்டுக்குள் நுழைவதற்கு மறைவில் பெருந்தொகை கைமாறிற்று. அதற்குப் ‘பகடி’ என்று பெயர். தலைப்பாகை என்பது அங்கே அச்சொல்லின் பொருள்; தமிழில் அதற்குக் கேலி என்று பொருள் இருப்பது பொருத்தமே. பழைய வாடகை கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் போதாதாயிற்று. 1969-இல் தனிச் சட்டமியற்றி, வரி தண்டி, தீவு நகரின் ஏறத்தாழ 19,600 பழைய கட்டடங்களின் பழுதுபார்ப்பை அரசின் வாரியமே ஏற்க நேர்ந்தது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். முதலாவது சம்பளக் கமிஷன் 1947-இல் மத்திய அரசின் கீழ்நிலை எழுத்தருக்கு வகுத்த தொடக்க அடிப்படைச் சம்பளம் 55 ரூபாய். ஐந்தாவது கமிஷனின்படி 1996 முதல் அது 3,050 ரூபாய். அதாவது 55 மடங்கு. 1947-இல் 30 ரூபாயாயிருந்த ஒரு வாடகை ஆண்டுதோறும் நூற்றுக்கு நான்கு வீதம் கூடியிருப்பினும் அந்த 49 ஆண்டுகளில் ஏறத்தாழ 205 ரூபாயே ஆகியிருக்கும். ஏழு மடங்கு கூட இல்லை. இத்தகைய சிற்றேற்றத்தைத் தொடக்கத்திலேயே அனுமதித்திருந்தால் குடியிருந்தவரும் நலிந்திரார். வீடு கட்டுவோரும் ஓடியிரார் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஏற்றமே கூடாதென்று நின்றதனால் வந்தது வினை.

அவ்வறிவு மிகத் தாமதமாக வந்தது. 1940-ஆம் ஆண்டு வாடகையையே பற்றி நிற்பது இனி நியாயமாகாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு ஏற்றத்தை அனுமதித்தது, பகடியையும் சட்டபூர்வமாக்கிற்று.

ஆனால் புதிதாக வருவோர்க்கு அந்த நான்கு வீதமும் பெரும்பாலும் எட்டுவதில்லை. 1973-இல் ஒரு திருத்தம், அவ்வாண்டு பிப்ரவரி முதல் தேதியன்று உரிம ஒப்பந்தத்தின்பேரில் குடியிருந்தோரை வாடகைதாரராக ஏற்றுப் பாதுகாத்தது. அதன் பின்னர் வீட்டுக்காரர் விழிப்படைந்தனர். பதினொரு மாத உரிம ஒப்பந்தமே வழக்கமாயிற்று. அதில் ஏற்றம் எவ்வளவென்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கும். தவணை முடிந்தும் வெளியேறாதவர் இருமடங்கு கட்டணம் செலுத்த நேரும். இதனாலேயே வீடு தேடுவோர் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நகர்ந்து செம்பூருக்கும் முலுண்டுக்கும், பின்னர் டோம்பிவிலிக்கும், மேற்கே விராருக்கும் போயினர். 1867-இல் விராரிலிருந்து நகருக்கு நாளொன்றுக்கு ஒரு வண்டியே வந்து சென்றது. இன்று அங்கிருந்து வண்டியில் நிற்க இடம் கிடைத்தாலே போதும் என்பார்கள். வாடகையில் மிச்சமாவது பயண நேரத்தில் செலவாகிறது.

ஒப்பந்தம் எழுதுவோர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். அதனை எழுத்தில் வடித்துப் பதிவு செய்வது வீட்டுக்காரரின் கடமை. அவ்வாறு பதிவு செய்யாவிடில், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் கூறுவதையே சட்டம் ஏற்றுக்கொள்ளும்.