லினக்ஸ் கெர்னலில் 'டெவ்இனிட்' குறியின் தோற்றமும் மறைவும்

வழக்கொழிந்த ஒரு சொல் ஏன் ஒழிந்தது என்று ஆராய்தல் நம் துறையினர்க்குப் பழகிய பணியாகும். அவ்வினாவையே கணிப்பொறி மூலநிரலில் வழங்கி மறைந்த ஒரு குறியைப் பற்றி ஈண்டு எழுப்புகின்றோம். பழைய பதிப்புகள் பேணப்பட்டிருத்தலின் இவ்வாராய்ச்சி சுவடியாராய்ச்சியினும் எளிது.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதற் கெர்னலில், வட்டு முதலிய சாதனங்களை ஆயத்தம் செய்யும் சார்புகளை முதன்மைச் சார்பே ஒன்றன்பின் ஒன்றாக அழைத்தது. இவை பொறி தொடங்குங்கால் ஒருமுறை இயங்குவன. பின்னர் அழைப்பாரின்றியும் நினைவகத்தில் இடம்பற்றியிருப்பன. 4 அல்லது 8 மெகாபைட்டு நினைவகமே பலர்க்கு வாய்த்திருந்த அந்நாளில் இது சிறு குறையன்று. ஆகவே 'இனிட்' என்னும் குறி பின்னர் அமைந்தது. அக்குறி பெற்றவை தனிப் பகுதியில் தொகுக்கப்பெறும். தொடக்கம் முடிந்ததும் அவ்விடம் விடுவிக்கப்பெறும்.

இவ்வமைப்பு ஓர் எடுகோளின்மேல் நின்றது: சாதனங்கள் யாவும் தொடக்கத்திலேயே உள்ளன என்பது அது. யூஎஸ்பி போன்றவை எந்நேரத்தும் இணைக்கப்படலாயின. அப்பொழுது சாதனத்தை ஏற்கும் சார்பு விடுவிக்கப்பட்ட இடத்தில் இருந்ததாயின், கெர்னல் தொடர்பற்ற தரவினை நிரலெனக் கொண்டு வீழும். இதற்கெனத் தோன்றியதே 'டெவ்இனிட்'.

இதன் பொருள் நிலையானதன்று. இயங்குங்கால் இணைக்கும் வசதியுடன் கெர்னலைத் தொகுத்தால் இக்குறிக்குப் பயனில்லை. அவ்வசதியின்றித் தொகுத்தால் இது 'இனிட்' ஆகிவிடும். ஒரே சொல், பொருளோ தொகுப்பவர் விருப்பம்! எனவே இயக்கி எழுதியவர் செய்த பிழை அவருடைய பொறியில் வெளிப்படாது, வேறொருவர் பொறியில் வெளிப்பட்டது. தொகுக்கும் போதே பொருந்தா அழைப்புகளைக் கண்டு எச்சரிக்க 'மோட்போஸ்ட்' என்னும் கருவி வேண்டியதாயிற்று.

2012-இல் அவ்வசதி என்றும் உள்ளதாக ஆக்கப்பட்டது, குறி பொருளிழந்தது. கிரெக் குரோ-ஹார்ட்மன் முதலியோர் அதனை இயக்கிகளினின்று களைந்தனர். 2013 பிப்ரவரியில் வெளிவந்த 3.8 பதிப்பு இம்மாற்றத்தைத் தாங்கியது.

நினைவகம் மலிந்தமையே காரணம் என்பாரும் உளராகலாம். அஃது ஒரு பகுதியே என்பது எம் கருத்து. 'இனிட்' இன்றும் வழங்குகின்றதன்றோ? பொறியின் உள்ளேயே பதிந்து, பிரிக்கவியலாத சாதனங்களின் ஏற்புச் சார்பும் இன்று 'இனிட்' குறி பெறலாம். ஆனால் தொடக்கத்திற்குப் பின் வேறு சாதனத்தைப் பிணைக்கவொட்டாது தடுக்கும் தனிப்பதிவு முறையை அவ்வியக்கி கையாளல் வேண்டும்.