தாயை நினைக்கும் பூரணை

மே மாதத்து இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம் என்பது சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். அமெரிக்காவில் அன்னா ஜார்விஸ் என்னும் பெண்மணி, 1905இல் காலமான தம் தாயின் நினைவாக 1908இல் தொடங்கிய வழக்கம் அது. 1914இல் அந்நாட்டு அரசு அதனை ஏற்றது. மறைந்த தாய்க்கென ஈழத்துச் சைவரிடமும் ஒரு நாள் உண்டு. அதுவே சித்திராபூரணை, ஊர்வழக்கில் சித்திரைப் பறுவம்.

சித்திரை மாதத்து முழுமதி சித்திரை நட்சத்திரத்தை அண்டி நிற்கும் காலம் இது. சிலப்பதிகாரம் கூறும் புகார் நகரத்து இந்திர விழாவும் இந்நாளிலேயே தொடங்கியது. புராண மரபில் இது சித்திரகுப்தருக்குரிய நாள். உயிர்களின் நன்மை தீமைகளை எழுதிவைக்கும் யமனின் கணக்கர் அவர்; காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக் கோயில் உண்டு. நம் கோயில்களில் அன்று அவரது கதை படிக்கப்படுவது இதனாலேயே.

தமிழகத்தில் பிதிர்களுக்குச் சிறந்த நாள் அமாவாசையே. ஈழத்திலோ தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும், தாயை இழந்தோர் சித்திராபூரணையிலும் விரதம் இருப்பர். காலையில் நீராடி, கோயிலில் தாயின் பெயரில் மோட்ச அருச்சனை செய்வித்து, குருக்களுக்கு அரிசியும் மரக்கறியும் தானம் கொடுத்து, வீட்டில் படைத்தபின் ஒருநேரம் உண்பர். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் சித்திரைக் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் வார்ப்பர்.

கொழும்பில் இவ்விரதத்துக்கு ஒரு வசதி உண்டு. இலங்கையில் ஒவ்வொரு பூரணையும் போயா விடுமுறை. எனவே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வேலைக்குச் செல்லும் பெண்கள் அன்று ஆறுதலாகக் கோயிலுக்குப் போகலாம். 2024இல் இது பக் போயாவன்றும், 2025இல் வெசாக் அன்றும் வந்தது. வெசாக்கோடு சேர்ந்து வரும் ஆண்டில், கோயிலில் அம்மாவுக்கு அருச்சனை. தெருவிலே பௌத்த மக்களின் தன்சல். இரண்டிலும் பசித்தவர்க்கு உணவு கிடைக்கிறது.

இவ்விரதத்தில் ஒரு சங்கடமும் உண்டு. தாய் இருக்கும்வரை மகள் இதனைப் பிடிப்பதில்லை. பிடிக்கவேண்டிய காலம் வரும்போது சொல்லித்தர அம்மா இல்லை. எதைச் சமைப்பது, எதை விலக்குவது, எத்தனை மணிக்குப் படைப்பது என்பனவெல்லாம் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். புத்தகத்தில் அவை இரா. முன்பு பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டறிந்தோம். இன்று நம் பழைய மாணவிகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். கொழும்புப் பஞ்சாங்கத்துப் பூரணைத் திதி அங்கு வேறு நேரத்தில், சிலவேளை வேறு நாளில் அமையும். அவ்வூர்க் கோயில் நாட்காட்டியைப் பார்ப்பதே முறை.

அம்மா இருக்கும் தோழியர், அவர் தம் தாய்க்கு இந்நாளில் என்ன செய்தார் என்று இப்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அம்மாவை இழந்தோர், நினைவில் உள்ளதை மகளுக்கோ மருமகளுக்கோ சொல்லிவையுங்கள். நம் வீடுகளின் வழக்கம் தொடர அதுவே வழி.