23ஆம் தெருவில் ஓர் அறை விற்பனைக்கு

  இன்னிக்குக் கதை ஒரு வீட்டு விளம்பரத்துல இருந்து தொடங்குது.

சில வருஷங்களுக்கு முன்னாடி என் நண்பர் ஒருத்தர் அதை அனுப்பினார். நியூயார்க், மன்ஹாட்டன், செல்சி என்கிற பகுதி. 23ஆம் தெருவில் ஒரு ஸ்டூடியோ விற்பனைக்கு. ஸ்டூடியோன்னா ஒரே அறை. கட்டிலும் அங்கேதான், சோபாவும் அங்கேதான், மூலையில் அடுப்பு. குளியலறைக்கு மட்டும் தனிக் கதவு. அக்கம்பக்கத்தோட ஒப்பிட்டா விலை கொஞ்சம் குறைவு. "கீழ கோ-ஆப்னு போட்டிருக்கே, அது என்னய்யா? கூட்டுறவுச் சங்கமா?"ன்னு கேட்டார்.

சிரிச்சேன். ஆனா அவர் கேட்டது சரிதான்.

கூட்டுறவுன்னதும் நமக்கு ரேஷன் கடையும், நகைக்கடன் கொடுக்குற சங்கமும்தான் ஞாபகம் வரும். நியூயார்க்ல அது வீடு. கட்டடம் முழுக்க ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நீங்க வாங்குறது வீட்டை இல்லை, அந்தக் கம்பெனியோட பங்குகளை. கூடவே அந்த அறையில் குடியிருக்க ஒரு குத்தகைப் பத்திரம். கட்டடத்து மேல கடன் இருந்தா அதுல உங்களுக்கும் பங்கு உண்டு. வரி, காவலாள் சம்பளம், கொதிகலன் செலவு எல்லாம் சேர்த்து மாசாமாசம் ஒரு தொகை கட்டணும். பக்கத்து வீட்டுக்காரர் கட்டலைன்னா அந்தப் பாரம் உங்க தலையில். அதனாலதான் புதுசா வர்றவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு நேர்ல கூப்பிட்டு, வருமானக் கணக்கு, வங்கிக் கணக்கு, பரிந்துரைக் கடிதம் எல்லாம் பார்த்துட்டு முடிவு சொல்லும்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? 23ஆம் தெருவிலேயே நடந்து பார்த்தா பாதிக் கதை கிடைச்சிடும்.

முதல்ல செல்சி ஹோட்டல். லியோனார்ட் கோஹென் தங்கினது, இலங்கையில் குடியேறின ஆர்தர் சி. கிளார்க் வந்து எழுதினது எல்லாம் இங்கேதான். ஆனா 1884ல் திறந்தப்போ இது ஹோட்டல் இல்லை, கூட்டுறவுக் குடியிருப்பு. பாரிஸில் பிறந்த பிலிப் ஹூபர்ட் என்ற கட்டடக் கலைஞர் அப்போ 'ஹோம் கிளப்'னு ஒரு திட்டத்தைப் பரப்பிட்டிருந்தார். சிலர் பணம் போட்டு சேர்ந்து கட்டுவாங்க. தங்களுக்கு வேண்டிய வீடுகளை எடுத்துக்கிட்டு, மிச்சத்தை வாடகைக்கு விட்டுப் பராமரிப்பைச் சமாளிப்பாங்க. நல்ல கணக்குதான். ஆனா அந்தச் சங்கம் திவாலாகி, 1905ல் கட்டடம் ஹோட்டலாச்சு.

அது வசதியுள்ளவங்க போட்ட கூட்டு. தொழிலாளிகளோட கூட்டு புரூக்ளின்ல தொடங்கினது. 1916ல் சன்செட் பார்க் பகுதியில் 16 ஃபின்லாந்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கட்டடம் எழுப்பினாங்க. பேரு 'அல்கு'. ஃபின்னிஷ் மொழியில் 'தொடக்கம்'. லாபநோக்கம் இல்லாத கூட்டுறவு வீடுகளில் அமெரிக்காவிலேயே இதுதான் முதல்னு சொல்றாங்க. அடுத்து 1927ல் பிராங்ஸ் பகுதியில் ஆடைத் தொழிலாளர் சங்கம் ஒரு குடியிருப்பைத் திறந்தது. முன்னே நின்றவர் ஆப்ரஹாம் கஸான். அறைக்கு 500 டாலர் போட்டு உள்ளே வரணும். எத்தனை அறை வச்சிருந்தாலும் குடும்பத்துக்கு ஒரே ஓட்டு.

இரண்டு வருஷத்துல பெருமந்தம் வந்தது. பணக்காரக் கூட்டுறவுகள் வரிசையா விழுந்தன. கஸானோட தொழிலாளர் குடியிருப்பு நின்னது. எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

மறுபடி 23ஆம் தெரு. அதே மந்தத்தில் மாட்டின இன்னொரு கட்டடம் லண்டன் டெரஸ். 1930ல் திறந்தது, ஒரு முழு பிளாக்கையே அடைச்சுக்கிட்டு நிக்குது. வாசல் காவலர்களுக்கு லண்டன் போலீஸ் உடுப்பு மாட்டி விட்டிருந்தாங்களாம்! கட்டினவர் திவால். அப்போ அது வாடகைக் கட்டடம். 1980களில், நகரம் முழுக்க உரிமையாளர்கள் வாடகை வீடுகளைப் பங்குகளாக மாற்றி வித்த அலையில், இதன் நாலு மூலைக் கோபுரங்களும் கோ-ஆப் ஆச்சு. நடுவில் இருக்கிற கட்டடங்கள் இன்னமும் வாடகைதான். அந்த அலையில் 'கூட்டுறவு' என்ற சொல் மிஞ்சியது, கஸானோட எண்ணம் மிஞ்சலை. சந்தை விலைக்கு வாங்கலாம், சந்தை விலைக்கு விற்கலாம்.

எதிர்ப்புறம், 8ஆம் அவென்யூவுக்கும் 9ஆம் அவென்யூவுக்கும் நடுவில், பென் சவுத். 2,820 வீடுகள். பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கமும் கஸானும் சேர்ந்து எழுப்பினது. தையல் தொழிலாளிகள் வேலைக்கு நடந்தே போற தூரம். 1962 மே 19 அன்னிக்குத் திறப்பு விழா, வந்தவர் ஜனாதிபதி கென்னடி. (அன்னிக்கு ராத்திரிதான் மர்லின் மன்றோ அவருக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினது. பாட்டுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.) வாஷிங்டன் பேரணியை ஒழுங்கு செய்த பேயர்ட் ரஸ்டின் இங்கேதான் கடைசிவரை வாழ்ந்தார். பழைய குடியிருப்புகளை இடிச்சுத்தான் இதைக் கட்டினாங்க, அங்கிருந்த ஏழைகள் வெளியேற வேண்டி வந்தது என்பதையும் சொல்லிடணும்.

இங்க வீட்டை விட்டுப் போறவர் சந்தை விலைக்கு விற்க முடியாது, விலைக்கு வரம்பு உண்டு. 1980களில் வரிச்சலுகை முடியப்போகும் நேரம் ஒரு கேள்வி வந்தது: வரம்பை எடுத்துடலாமா? எடுத்திருந்தா ஒவ்வொருத்தர் கையிலும் பெரும் பணம். உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டாங்க. வேண்டாம்னு சொன்னாங்க. நகரமும் வரிச்சலுகையை நீட்டித்தது. அந்த அறைகள் இன்னிக்கும் நடுத்தர வருமானக்காரங்களுக்கு எட்டுற விலையில் இருக்கு.

நம்ம நண்பர் பார்த்தது அதில்லை, சந்தை விலைக் கோ-ஆப். கட்டடத்தின் பேர் வேண்டாம். கட்டுக்கட்டா காகிதம் கொடுத்தார், கோட்டுப் போட்டு நேர்காணலுக்குப் போனார். "என்ன வாசிப்பீங்க?"ன்னு கேட்டாங்களாம். பத்து நாள் கழிச்சு ஒரு வரியில் பதில்: விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணம் இல்லை. காரணம் சொல்லணும்னு அவங்களுக்குச் சட்டக் கட்டாயமும் இல்லை. இனம், மதம் பார்த்து மறுத்தா குற்றம்தான். ஆனா வாயே திறக்காதவங்க எதைப் பார்த்து மறுத்தாங்கன்னு எப்படி நிரூபிக்கிறது? நிக்சன் ஜனாதிபதி பதவி போனபிறகு மன்ஹாட்டன்ல கோ-ஆப் வாங்கப் போய் இதே மாதிரி அலைஞ்சவர்தான். அவருக்காக வருத்தப்படறவங்க குறைவு, அது வேற விஷயம்.

கடனைப் பகிர்ந்துக்கிறவங்க, உள்ளே வர்றவரோட வரவு செலவைப் பார்க்கணும்னா நியாயம். அவர் என்ன வாசிக்கிறார்னு பார்க்க என்ன இருக்கு? வீட்டைச் சந்தை விலைக்கு விற்பேன், ஆளை மட்டும் சங்க முறையில் சலிப்பேன்னா, கூட்டுறவுல தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கிட்ட மாதிரிதான்.

நண்பர் இப்போ குவீன்ஸ்ல வாடகைக்கு இருக்கார். பென் சவுத்ல சேரணும்னா குலுக்கலில் பேர் வரணும், அந்த விண்ணப்பம் எப்போ திறக்கும்னு பார்த்துட்டிருக்கார். வந்தா சொல்றேன். அடுத்த எபிசோட்ல பிராங்ஸ் போவோம்: 15,372 வீடுகள் கொண்ட கோ-ஆப் சிட்டி, அங்க 1975ல் தொடங்கி 13 மாசம் நடந்த வாடகைப் போராட்டம்.