பச்சைக் கம்பியின் வரலாறு

அமெரிக்க வீடுகளில் ஒரு சுவிட்சைக் கழற்றிப் பார்த்தால் சுவருக்குள் சிறு பெட்டியொன்று தெரியும். பல வீடுகளில் இரண்டு மூன்று மின்சுற்றுகள் அந்த ஒரே பெட்டிக்குள் குடியிருக்கும். அவற்றின் எர்த் கம்பிகள் மட்டும், வெறும் செம்பாகவோ பச்சை உறையிட்டோ, ஒரே முடிச்சில் இணைந்திருக்கும். அந்த எளிய முடிச்சுக்குப் பின்னால் எண்பது ஆண்டுக்கால வரலாறு உண்டு.

எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் நியூயார்க்கில் 1882இல் இயங்கத் தொடங்கியது. மின்சுற்றை மண்ணோடு இணைப்பது காப்பா, கேடா என்பதில் அன்று ஒருமித்த கருத்து இல்லை. 1892இல் நியூயார்க் தீக்காப்பீட்டாளர் வாரியம் நியூட்ரல் கம்பியை மண்ணோடு இணைப்பதைக் கண்டித்தது. மறுதரப்பினரின் அச்சம் வேறு: மின்மாற்றி பழுதானால் உயர் அழுத்த மின்சாரம் வீட்டுக்குள் புகுந்துவிடும். தேசிய மின்விதித் தொகுப்பு 1897இல் பிறந்தது. 1913இல்தான் வீடுகளுக்கு வரும் குறைந்த அழுத்த மின்சுற்றுகளுக்குத் தரையிணைப்பு கட்டாயமாயிற்று.

அது மின்வழியைக் காத்தது. கருவியைத் தொடும் கையைக் காக்கவில்லை. உள்ளே உறை தேய்ந்த கம்பி இயந்திரத்தின் உலோக உடலைத் தொட்டுவிட்டால், தொடுபவரின் உடலே மின்சாரத்துக்குப் பாதையாகும். பிலிப் லாப்ரே மூன்று முனைப் பிளக்குக்கு 1928இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் புதிய வீடுகளின் வழக்கமான பிளக் துளைகள் அனைத்துக்கும் எர்த் இணைப்பு வேண்டும் என்று விதி சொல்ல 1962 ஆயிற்று.

எர்த் என்ற பெயர் நம்மைச் சற்றே ஏமாற்றுகிறது. பழுதில் கசியும் மின்சாரத்தை மண் விழுங்கிவிடும் என்று எண்ணுகிறோம். மண்ணில் அடித்த கம்பியின் மின்தடை 25 ஓம் என்று கொண்டால், 120 வோல்ட்டில் 4.8 ஆம்பியர்தான் பாயும். 15 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. உண்மையில் உயிர்காப்பது, மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிச் செல்ல அமைந்த செம்புப் பாதை. அதில் ஒரே கணத்தில் பெருமின்னோட்டம் பாய, பிரேக்கர் விழுகிறது.

பெட்டிக்குள் இருக்கும் முடிச்சின் பொருளும் இதுவே. வெவ்வேறு சுற்றுகளின் நியூட்ரல்களைக் கலக்கலாகாது. எர்த் கம்பிகளையோ ஒன்றுசேர்த்தாக வேண்டும். பெட்டி உலோகமானால் அதையும் அவற்றோடு இணைக்க வேண்டும். ஒரு சுவிட்சைக் கழற்றினாலும் அடுத்த அறைக்குச் செல்லும் எர்த் தொடர்ச்சி அறுபடக் கூடாது என்பதற்காகவே, முடிச்சிலிருந்து தனியொரு சிறு கம்பி சுவிட்சுக்குப் பிரிகிறது.

இந்தக் கம்பி அறுந்தாலும் விளக்கு எரியும், விசிறி சுழலும், யாருக்கும் தெரியாது. பழைய வீடுகளில் எர்த் கம்பி இல்லாமலே மூன்று துளைப் பிளக் பொருத்திவைப்பதும் உண்டு. இரண்டு துளை தன் குறையை வெளிப்படையாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த மூன்றாவது துளையோ இல்லாத காப்பை இருப்பதாகச் சொல்கிறது.